நீர் குடிக்காத நுரை: காகுப்பம், மேல்பாக்கம் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுக்குப் போகப்போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேட ஆரம்பித்திருப்பீர்கள். சீனியர்களின் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள். காசு கொடுத்தால் முடித்துத் தருகிற கடைகளைப் பற்றியும் யாராவது காதில் போட்டிருப்பார்கள். அந்த முடிவுக்கெல்லாம் போவதற்கு முன் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதோடு ஒரு வேலையும் கேட்கப்போகிறேன். பெரிய ஆய்வகங்களை விட உங்கள் இரண்டு கல்லூரிகளுக்கே அது பொருத்தமான வேலை என்பது என் எண்ணம்.

பொருளின் பெயர் சின்டாக்டிக் ஃபோம். எப்பாக்சி ரெசினில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய, உள்ளே வெறுமையான கண்ணாடிக் குமிழிகளைக் கலந்து இறுகவிட்டால் கிடைக்கிற கட்டி. மெத்தை நுரையிலும் தெர்மாகோலிலும் வாயுவே துளைகளை ஊதிவிடுகிறது. துளையின் சுவர் எப்படி அமைகிறதோ அப்படித்தான். இதில் ஒவ்வொரு துளையும் தனக்கென்று ஒரு கண்ணாடிச் சுவரோடு முன்பே செய்யப்பட்டு வருகிறது. மரத்தைப் போல அறுக்கலாம், லேத்தில் கடையலாம், துளையிடலாம். தண்ணீரில் போட்டால் மிதக்கும். கடலுக்கடியில் 6,000 மீட்டரில் கொண்டுபோய் வைத்தாலும் நசுங்காத வகையைச் செய்ய முடியும்.

அந்த ஆழத்தில் இது யாருக்குத் தேவை? நம் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குத் தேவை. பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக ‘மத்ஸ்யா 6000’ என்ற கலத்தை உருவாக்கிவருகிறது. சமுத்திரயான் திட்டம் 2021 அக்டோபரில் சென்னையில் தொடங்கியது. 2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கலத்தை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். மனிதர்கள் உட்காரப்போவது 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட டைட்டானியம் கோளத்தில். வேலை 12 மணி நேரம்; அவசரமென்றால் 96 மணி நேரம் உயிர் தாங்க ஏற்பாடு.

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். டைட்டானியக் கலவையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.43 கிராம். அந்த 2.1 மீட்டரை வெளிவிட்டமாக எடுத்தால் கோளத்தின் எடை ஏறக்குறைய நாலரை டன். அது விலக்கும் கடல்நீர் ஏறக்குறைய ஐந்து டன். உள்விட்டமாக எடுத்தால் எடை ஐந்தேகால் டன்னைத் தாண்டும். விலக்கும் நீர் ஆறு டன்னுக்குச் சற்று மேல். எப்படிப் போட்டாலும் மிச்சம் ஒரு டன் தேறவில்லை. அதற்குள் மூன்று பேர், ஆக்ஸிஜன், கருவிகள். கோளத்துக்கு வெளியே பேட்டரி, மோட்டார், சட்டகம், இயந்திரக் கைகள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. கலம் கல்லாகத்தான் கீழே போகும். அதை மேலே தூக்க இன்னொன்று வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் சின்டாக்டிக் ஃபோம். 0.6 அடர்த்தியுள்ள ஃபோம் ஒரு கன மீட்டர் இருந்தால், 1,025 கிலோ கடல்நீரை விலக்கித் தன் எடையான 600 கிலோவைக் கழித்துக்கொண்டு மீதி 425 கிலோவைத் தூக்கும். ஒரு டன் கூடுதல் எடைக்கு இரண்டரை கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும்.

இந்தப் பொருள் வருவதற்கு முன் என்ன செய்தார்கள் தெரியுமா? 1960 ஜனவரி 23 அன்று ழாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ‘ட்ரியஸ்ட்’ கலத்தில் மரியானா அகழியின் அடிக்குப் போனார்கள். அவர்களைத் தாங்கியது பெட்ரோல். சுமார் 85,000 லிட்டர் பெட்ரோல் நிரப்பிய பெரிய தொட்டிக்கு அடியில் சின்னக் கோளம் தொங்கியது. பெட்ரோல் நீரைவிட லேசு, திரவம் என்பதால் நொறுங்காது. ஆனால் அழுத்தத்தில் சுருங்கும், குளிரில் சுருங்கும், ஆழம் போகப்போகத் தூக்கும் சக்தி குறையும். 1964இல் வந்த அமெரிக்காவின் ‘ஆல்வின்’ இந்த நுரையைப் பயன்படுத்தியது; கலம் ஒரேயடியாகச் சிறுத்துப்போனது. 2012 மார்ச் 26 அன்று ஜேம்ஸ் கேமரூன் தனியாக அதே அகழிக்குப் போன ‘டீப்சீ சேலஞ்சர்’ கலத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த நுரையே. அதில் நுரையே கலத்தின் முதுகெலும்பாகவும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ரான் ஆலம் அதற்கென்றே புதிய வகை ஒன்றை உருவாக்கினார்.

சரி, லேசாகச் செய்வதில் என்ன பெருமை? தெர்மாகோலே லேசுதான். இந்தத் துறையில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தூக்கிப் பார்த்து லேசாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம். அழுத்தத்தை வாங்கிய பிறகும், நீரில் வருடக்கணக்கில் கிடந்த பிறகும் லேசாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கண்ணாடிக் குமிழி விற்கும் நிறுவனங்களின் அட்டவணையைப் பாருங்கள். 3எம் நிறுவனத்தின் கே1 வகைக்கு அடர்த்தி 0.125தான், தாங்கும் அழுத்தம் 250 பிஎஸ்ஐ. கடலில் அது சுமார் 170 மீட்டர் ஆழம். எஸ்38 வகைக்கு அடர்த்தி 0.38, அழுத்தம் 4,000 பிஎஸ்ஐ. ஏறக்குறைய 2,700 மீட்டர். ஐஎம்30கே வகைக்கு அடர்த்தி 0.60, அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ. உலகத்தின் எந்தக் கடலின் அடியும் அதற்கு ஆழமில்லை. கே1 குமிழியின் சுவரைக் கணக்கிட்டால் அரை மைக்ரான் அளவே வரும். குமிழியின் விட்டமோ 65 மைக்ரான். ஐஎம்30கே மிகச் சின்னது. சுவரோ கே1ஐவிடத் தடிப்பு. ஆழத்துக்குப் போக வேண்டுமானால் எடையைக் கொடுத்துத்தான் வலுவை வாங்க முடியும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த அழுத்த எண், நூற்றுக்குத் தொண்ணூறு குமிழி பிழைக்கும் என்ற அளவீடு. மீதிப் பத்தைப் பற்றி யோசிப்பவர்தான் பொறியாளர்.

அந்தப் பத்து உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் இருக்கிறது. 2014 மே மாதம் கெர்மடெக் அகழியில் 9,900 மீட்டர் ஆழத்தில் ‘நெரியஸ்’ என்ற ஆளில்லா ஆய்வுக்கலம் சிதறியது. மிதப்புக்காக அதில் வைத்திருந்த பீங்கான் கோளங்களில் ஒன்று உள்நோக்கி வெடித்து, அந்த அதிர்ச்சி மற்றவற்றையும் உடைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சின்டாக்டிக் ஃபோமில் ஒரு குமிழி உடைந்தால் சுற்றியிருக்கும் ரெசின் அதைத் தனிமைப்படுத்திவிடும். சங்கிலியாகப் பரவுவது அரிது. நல்ல ரெசின் இறுக்கமாகப் பிடித்திருந்தால் மட்டும்.

இன்னொரு பாடம் 2023 ஜூன் 18. டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போன ‘டைட்டன்’ கலத்தின் கார்பன் ஃபைபர் உடல் நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அதே கலம் அதற்கு முன் பலமுறை அந்த ஆழத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது. கலப்புப் பொருளில் சேதம் உள்ளுக்குள் சேர்ந்துகொண்டே போகும். நேற்று தாங்கியது என்பது நாளைக்குச் சாட்சி ஆகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து பேருந்து ஏறினால் மரக்காணம். அந்தக் கடற்கரைக்கு இந்தப் பிரச்சினை புதிதில்லை. கட்டுமரம் ஓட்டியவர்கள் லேசான மரத்தைத் தேடிப் பிடித்தார்கள். மரம் நீர் குடிக்கும்; குடித்தால் கனக்கும்; கனத்தால் மிதப்பு குறையும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் காயவைத்தார்கள். மிதப்புப் பொருள் நீர் குடிப்பதுதான் எதிரி என்பதை அவர்கள் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள். பிறகு ஃபைபர் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பின் மிக வேகமாகப் பரவியது. கண்ணாடி இழையும் ரெசினும் நீரைவிடக் கனம். படகு கவிழ்ந்து நீர் நிரம்பினால் மூழ்கிவிடாமல் இருக்க மூடிய அறைகளில் நுரை அடைப்பார்கள். அது பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை அல்லது தெர்மாகோல் துண்டுகள். அறையில் விரிசல் விழுந்தால் பாலியூரித்தேன் நுரை ஆண்டுகள் செல்லச்செல்ல நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும்; படகு கனக்கும்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெர்மாகோலைப் பாலியஸ்டர் ரெசின் பட்டால் கரைத்துவிடும் என்பதைப் படகு பழுது பார்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

6,000 மீட்டருக்கான நுரையைச் செய்து தாருங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. நீர் மட்டத்திலிருந்து 50 மீட்டர் வரை பல வருடம் நீர் குடிக்காத, கடற்கரைப் பட்டறையிலேயே வார்க்கக்கூடிய நுரை ஒன்றைச் செய்து, அதை நேர்மையாக அளந்து காட்டுங்கள் என்று கேட்கிறேன். விலையில் அது பாலியூரித்தேனோடு போட்டி போடாமல் போகலாம். அப்படியானால் அதையும் எண்ணோடு எழுதுங்கள்.

எப்படித் தொடங்குவது? ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசு, அச்சு, சின்ன வேக்குவம் பம்பு, அடுப்பு, இவை போதும். எப்பாக்சியின் அடர்த்தி 1.15 என்று வையுங்கள். 0.38 அடர்த்தியுள்ள குமிழியைக் கன அளவில் 60 விழுக்காடு கலந்தால் கட்டியின் அடர்த்தி 0.69 வர வேண்டும். 60க்கு மேல் போக ஆசைப்படாதீர்கள். ஒரே அளவுக் கோளங்களை ஒழுங்கில்லாமல் குவித்தால் இடத்தில் சுமார் 64 விழுக்காடுதான் நிரப்ப முடியும். அதைத் தாண்டினால் இடைவெளியை நிரப்ப ரெசின் போதாது, காற்று தங்கும்.

வார்த்து, அறுத்து, எடை போடுங்கள். 0.69க்குக் குறைவாக வந்தால் காற்று அடைபட்டிருக்கிறது. அதிகமாக வந்தால் கலக்கும்போதே குமிழிகள் உடைந்திருக்கின்றன. சரியாக 0.69 வந்தால் கைதட்டிவிடாதீர்கள். குமிழி உடைந்த எடையும் காற்று தங்கிய லேசும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கைச் சரி காட்டும். இப்படிச் சரியாக வந்த எண்ணை நம்பித்தான் எத்தனையோ ரிப்போர்ட் அச்சாகிறது. இறுகாத கலவையில் கொஞ்சம் எடுத்து அசிட்டோனில் கரைத்து வடிகட்டி, மிஞ்சியதைத் தண்ணீரில் போடுங்கள். முழுக் குமிழி மேலே வரும், உடைந்தது அடியில் படியும். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் கூடப் பிடிக்காது.

டிரில்லில் பூட்டிய விசிறியால் அடித்துக் கலக்காதீர்கள். மரக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். இறுகுவதற்குள் குமிழி மேலே ஏறும், ரெசின் அடியில் தங்கும். ஆகவே கட்டியை மேல், நடு, அடி என்று மூன்றாக அறுத்துத் தனித்தனியே எடை பாருங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் மற்ற சோதனைக்குப் போகாதீர்கள். விழுப்புரத்து மே மாத வெயிலில் வேலை செய்தால் இன்னொரு சிக்கல்: வெப்பம் 10 டிகிரி கூடினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். வெறுமையான குமிழிகள் வெப்பத்தை வெளியே விடாது. பெரிய கட்டியாக வார்த்தால் நடுவே சூடேறி வெடிக்கும், கருகும். அதிகாலையில், மெல்லிய அடுக்குகளாக வார்த்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஹார்டனர் தோலில் பட்டுப் பழகினால் ஒவ்வாமை பிறகு வாழ்நாள் முழுக்க விடாது. கண்ணாடித் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

அழுத்தச் சோதனைக்குப் பைப்லைன் வேலையில் பயன்படுத்தும் கையால் அடிக்கிற ஹைட்ரோ டெஸ்ட் பம்பும், தடித்த எஃகுக் குழாயில் ஃபிளாஞ்ச் போட்ட சின்ன கலனும் போதும். காற்றை முழுக்க வெளியேற்றி நீரால் நிரப்பி, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். காற்று கொஞ்சம் மிஞ்சினாலும் கலன் வெடிகுண்டு. 5 பார் அழுத்தமே 50 மீட்டர் ஆழம். 20 பார் வரை போனால் 200 மீட்டர். ஒரு முறை ஏற்றி இறக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள். நூறு முறை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பத்துக்கும் எடை பாருங்கள். பிரஸ்ஸில் வைத்து நசுக்கும் கம்ப்ரஷன் சோதனையோடு திருப்தி அடையாதீர்கள். ஒரு திசையில் நசுக்குவதும் எல்லாத் திசையிலிருந்தும் நீர் அழுத்துவதும் வேறு வேறு. கடலில் நடப்பது இரண்டாவது.

கண்ணாடிக் குமிழி விலை அதிகம் என்பீர்கள். நியாயம். அனல்மின் நிலையச் சாம்பலில் இயற்கையாகவே வெறுமையான கோளங்கள் இருக்கின்றன. செனோஸ்பியர் என்று பெயர். சாம்பல் குளத்தில் நீருக்கு மேலே மிதந்து வரும். சூரத்கல் என்.ஐ.டி.யில் மிருத்யுஞ்ஜய் தொட்டமணியும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிகில் குப்தாவும் சேர்ந்து செனோஸ்பியரைப் பாலித்தீனோடு கலந்து முப்பரிமாண அச்சுக்கான இழையே செய்திருக்கிறார்கள். நிகில் குப்தாவின் குழு 2015இல் மக்னீசியக் கலவையில் வெற்றுக் கோளங்களைக் கலந்து நீரில் மிதக்கும் உலோகத்தைச் செய்து காட்டியது, அடர்த்தி 0.92. ஆனால் ஓர் எச்சரிக்கை: பக்கத்தில் இருக்கிறதே என்று நெய்வேலிக்கு ஓடாதீர்கள். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். செனோஸ்பியர் பெரும்பாலும் கிடைப்பது சுண்ணாம்பு குறைந்த கருநிலக்கரிச் சாம்பலில். வடசென்னையோ மேட்டூரோ கேட்டுப் பாருங்கள். அந்தக் கோளங்கள் ஒன்றுபோல் இருக்காது. சுவரிலேயே துளைகள் இருக்கும். கண்ணாடிக் குமிழியின் எண்களை அதற்குப் பொருத்திவிடாதீர்கள்.

இனி நான் கேட்க வந்த வேலை. ஒரு நுரை கடலில் எவ்வளவு நீர் குடிக்கும் என்பதை ஒரு செமஸ்டரில் சொல்ல முடியாது. இரண்டு வாரம் ஊறவைத்த எண்ணைப் பத்து வருடத்துக்கு நீட்டிச் சொல்வது ஜோசியம். புராஜெக்ட் முறையின் பெரிய குறையே இதுதான்: ஒவ்வொரு பேட்ச்சும் முதலிலிருந்து தொடங்குகிறது, வைவா முடிந்ததும் மாதிரிகள் குப்பைக்குப் போகின்றன. ஆனால் கல்லூரி எங்கும் போகாது. ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். உதவித்தொகை தீர்ந்ததும் திட்டத்தை மூடும் ஆய்வகத்திடம் இல்லாத சொத்து அது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இந்த வருட பேட்ச் அறுபது மாதிரிகள் தயாரிக்கட்டும்: சின்டாக்டிக் ஃபோம், பாலியூரித்தேன், தெர்மாகோல் மூன்றிலும் இருபது இருபது. பாதியை மரக்காணம் கடல்நீரில், மீதியை உப்பளத்துச் செறிநீரில் மூடிய தொட்டிகளில் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் துடைத்து எடை பார்த்து ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு சிலவற்றை எடுத்து அறுத்து, உள்ளே எவ்வளவு தூரம் ஈரம் போயிருக்கிறது என்று பாருங்கள். படிப்பு முடிந்து போகும்போது பதிவேட்டை ஜூனியர் கையில் கொடுத்து, எப்படி அளந்தீர்கள் என்பதைச் செய்து காட்டிவிட்டுப் போங்கள். காகுப்பத்துக்கும் மேல்பாக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். ஒருவர் வார்த்த மாதிரியை, எது எது என்று சொல்லாமல், மற்றவர் அளக்கட்டும். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால் அந்த எண்ணை யாரும் அசைக்க முடியாது. ஒத்துவராவிட்டால் அடுத்த வருடத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

இரண்டு மூன்று வருடம் பதிவேடு நிரம்பிய பிறகு பள்ளிக்கரணைக்கு எழுதுங்கள். ஆழ்கடல் அழுத்தத்தை உண்டாக்கும் சோதனைக் கலன் அங்கே இருக்கிறது. வெறும் கையோடு போனால் பார்வையாளர்கள். மூன்று வருடப் பதிவேட்டோடு போனால் சக வேலைக்காரர்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சயனேட் எஸ்டர் ரெசினில் கண்ணாடிக் குமிழி கலந்து செய்த ஆய்வுகள் பிரசுரமாகியிருக்கின்றன. அவற்றைப் படித்துப் பாருங்கள். அடர்த்தியையும் வலுவையும் எவ்வளவு நிதானமாக இணைத்துப் பேசுகிறார்கள் என்பது புரியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்பார்த்த விடை வராத புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ‘எங்கள் நுரை ஆறாம் மாதத்தில் எடை கூடத் தொடங்கியது’ என்று ஒரு மாணவி பதிவேட்டைத் திறந்து காட்டினால், அதுவே மரக்காணத்துப் படகோட்டிக்குப் பயன்படும் செய்தி. ‘மிகச் சிறந்த முடிவுகள் கிடைத்தன’ என்ற வாக்கியத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. படகோட்டிகளையும் படகு கட்டுபவர்களையும் வருடத்துக்கு ஒருமுறை கல்லூரிக்கு அழைத்து, எண்களை அவர்கள் முன் வையுங்கள். எந்த அறையில் விரிசல் முதலில் விழும், எந்த மாதம் படகு கனக்கும் என்பதை அவர்கள் உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தலைப்பைத் துறைத்தலைவரிடம் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. ‘இலகு எடைக் கலப்புப் பொருள் தயாரிப்பும் அதன் குணங்களும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘மரக்காணம் கடல்நீரில் மூன்று மிதப்பு நுரைகளின் நீர் உறிஞ்சல், முதல் ஆண்டு’ என்று எழுதிக் கொடுங்கள். ‘முதல் ஆண்டு’ என்ற சொற்களைத் துறைத்தலைவர் அடிக்கச் சொன்னால் இந்த மடலை அவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்துக்காரன் ஒருவன்